ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவே

வாடகை வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது. அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லிவிடுவார்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், மோட்டார் யார் போடுவது, வாசல் யார் தெளிப்பது என்பதெல்லாம் பிறகுதான். முதலில் ஆணி. ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் குடியிருந்த ஆறு வீட்டிலும், ஆறு வீட்டுக்காரர்களும் கூடிப் பேசி வைத்துக்கொண்டதுபோல இதையே சொன்னார்கள். அதனால் எங்கள் வீட்டில் தினசரி காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கும். கடிகாரம் பீரோவின் மேல் சாய்ந்து நிற்கும். மற்றதெல்லாம், என் அப்பா அம்மா படம், மகள் பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்துக்குப் பரிசு வாங்கிய படம், ஒரு வட்டக் கண்ணாடி, எல்லாம் ஓர் அட்டைப்பெட்டிக்குள் கயிறு கட்டிக் கிடந்தன. அந்தப் பெட்டி நான்கு வீடு மாறியது. கயிறு அவிழவே இல்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், என் வேலையே வீடு வரைவதுதான். ராஜபாளையத்தில் ஒரு கட்டட இன்ஜினியரிடம் பதினெட்டு வருஷமாக வரைபடம் போடுகிறேன். முதலில் மேஜையில் காகிதம் விரித்து, இப்போது கம்ப்யூட்டரில். ஊரில் யார் யாருக்கோ பூஜை அறை எங்கே, கிணறு எங்கே, கட்டில் போட்டால் கதவு திறக்குமா என்று மண்டையை உடைத்திருக்கிறேன். சாயங்காலம் பஸ் ஏறி வீட்டுக்குப் போனால் எனக்கென்று ஓர் ஆணி அடிக்கச் சுவர் கிடையாது. கணவர் திருப்பூருக்கு வேலைக்குப் போனவர், போனவர்தான். அந்தக் கதை இங்கே வேண்டாம். நானும் மகளும் மட்டும். அவள் கிருஷ்ணன்கோவில் காலேஜுக்கு வடக்கே போவாள், நான் ராஜபாளையத்துக்குத் தெற்கே போவேன், ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் சந்திப்போம்.

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. மேஜைக்கடியில் கால் ஆடிக்கொண்டே இருக்கும். புது வீட்டுக்குக் குடி போன மூன்றாம் மாதமே, அடுத்து எங்கே போகலாம் என்று 'வாடகைக்கு' அட்டை தொங்கும் கேட்டுகளை எல்லாம் பார்த்துக்கொண்டு நடப்பேன். அம்மா உயிரோடு இருந்தவரை, "ஒனக்குக் கால்ல சக்கரம் கட்டியிருக்குட்டி" என்பாள். சக்கரமெல்லாம் இல்லை. எப்படியும் ஒருநாள் காலி பண்ணச் சொல்வார்கள், அதற்கு முன்னால் நானே கிளம்பிவிட வேண்டும் என்ற வீம்புதான்.

இப்படி இருக்கையில்தான் அந்த லாட்ஜ் வந்தது.

ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், கடைவீதியில், கீழே கடைகளும் மேலே இரண்டு மாடியுமாக நின்றது. ஊரிலேயே பழைய லாட்ஜ் அதுதான் என்பார்கள். பஞ்சு வாங்க வந்தவர்கள், பேண்டேஜ் துணி கொள்முதலுக்கு வடக்கேயிருந்து வந்தவர்கள், கல்யாணத்துக்கு வந்த வெளியூர்ச் சனம் எல்லாம் ஒரு காலத்தில் அங்கேதான் தங்கினார்கள். எந்த அறையில் எந்த நடிகர் தங்கினார் என்று ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் நம்பினால் எல்லா நடிகர்களும் எல்லா அறையிலும் தூங்கியிருக்க வேண்டும். ஒன்றரை அடி கனத்தில் சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்திரம், பதினான்கு அடி உயரத்தில் மச்சு. நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்.

இப்போது வருகிறவர்களுக்கு ஏசி வேண்டும், லிப்ட் வேண்டும், கார் நிறுத்த இடம் வேண்டும். லாட்ஜ் படுத்துவிட்டது. சொந்தக்காரர்கள் அண்ணன் தம்பி மூன்று பேர். இடித்துவிட்டு ஜவுளிக்கடை கட்டலாம் என்றார் ஒருவர். அப்பா கட்டியதை இடிக்கவிட மாட்டேன் என்றார் மூத்தவர். எங்கள் இன்ஜினியர்தான் நடுவில் புகுந்து, "இடிக்க வேண்டாம், ரெண்டு ரெண்டு ரூமா நடுச்சுவரத் தொறந்து ஒரு சின்ன வீடாக்கிருவோம். மில்லு வேலைக்குப் போறவன், கடையில நிக்கிறவன், அவனும் ஒரு வீடு வாங்கணும்லா" என்று பேசி முடித்தார். ஓர் அறை ஹாலும் அடுப்படியும், அடுத்த அறை படுக்கவும் குளிக்கவும். இருபத்து நான்கு அறை, பன்னிரண்டு வீடு. விலையைக் கேட்டதும் எனக்கு மேஜைக்கடியில் கால் நின்றுவிட்டது. என் சம்பளத்துக்கு எட்டுகிற விலை.

அளவெடுக்கப் போன அன்று நல்ல முகூர்த்தம். லாட்ஜ் இன்னும் பூட்டப்படவில்லை. முதல் மாடி முழுக்கக் கல்யாண வீட்டார். ஒரு கதவைத் தட்டினால் சீப்பும் கையுமாக ஒரு பெண், அடுத்த கதவைத் தட்டினால் பனியனோடு ஒரு மாமா. இன்ஜினியருக்குப் போன் போட்டேன்.

"ஏம்மா, ரெண்டாம் மாடி காலியாத்தான கெடக்கு?" என்றார்.

"ஆமா சார்."

"அப்ப அத அளந்துட்டு வா. கீழயும் அதே மாதிரிதான். டிபிகல்னு போட்டுரு."

மாடிகள் ஒன்றுபோல இருந்தால் ஒன்றை மட்டும் வரைந்து, மற்றதற்கும் இதுவேதான் என்று எழுதிவிடுவோம். அதற்குத்தான் எங்கள் தொழிலில் டிபிகல் என்று பெயர். இரண்டாம் மாடியை அளந்தேன். பன்னிரண்டு அறை. இறங்கி வரும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று மேனேஜர் தலைக்குமேலே தொங்கிய சாவிப் பலகையைப் பார்த்தேன். மேல்வரிசை பன்னிரண்டில் முடிந்தது. கீழ்வரிசை பதிமூன்றில் தொடங்கி இருபத்து நான்கில் முடிந்தது. மாடிக்குப் பன்னிரண்டு. சரியாகத்தானே இருக்கிறது என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஆபீஸில் வேலை பார்ப்பவள் என்பதால் வீட்டை முதலில் தேர்ந்தெடுக்கும் சலுகையை இன்ஜினியர் எனக்குக் கொடுத்தார். ஒன்றும் இரண்டும் சேர்ந்த மூலை வீட்டை எடுத்தேன். தெருவைப் பார்த்து ஒரு சின்ன பால்கனி. எதிர்க்கடை விளம்பரப் பலகைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையில் ஒரு கையகலத்துக்கு மலை தெரியும். மகளைக் கூட்டி வந்து காட்டினேன். அவள் பால்கனியில் ஒரு மேஜை அகலத்துக்குக் கையை விரித்துப் பார்த்து, "இது எனக்கு. இதுல நீ துணி காயப் போடக் கூடாது" என்றாள். அன்றைக்கு ராத்திரி அட்டைப்பெட்டியை எடுத்துத் துடைத்து மறுபடி மேலே வைத்தேன்.

மற்ற வீடுகளும் போயின. ஏழும் எட்டும் சேர்ந்த வீடு மட்டும் நின்றது. எட்டு என்றால் எங்கள் பக்கம் ஆகாது. வண்டி நம்பரைக் கூட்டினால் எட்டு வரக் கூடாது, வீட்டு நம்பரும் வரக் கூடாது. அடுத்தவரைச் சொல்வானேன், நானே ஒரு வீட்டை அதற்காக வேண்டாம் என்றிருக்கிறேன். தேரடிக்குப் பக்கத்தில், நல்ல தண்ணீர், அடுப்படியில் வெளிச்சம், வாடகையும் நியாயம். கதவில் இருபத்தாறு என்று இருந்தது. கூட்டிப் பார்த்தேன். வேறு இடத்தில் பேசிவிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வீட்டைக் கேட்டு வந்தவர் வத்திராயிருப்புக்காரர். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று, ராஜபாளையத்தில் ஓர் ஏடிஎம் வாசலில் காவல் இருக்கிறார். ஐம்பது வயது இருக்கும். பேசும்போது உட்கார மாட்டார்.

"எட்டுன்னா எல்லாரும் பயப்படுதாவளாமே. எனக்கு அந்தப் பயம் கெடையாது மேடம். அதயே குடுங்க."

"வீட்ல கேட்டுட்டீங்களா?"

"அவ கேக்கச் சொன்னதே அதத்தான். யாரும் போட்டிக்கு வர மாட்டாவன்னு சொன்னா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரைபடத்தில் அந்தக் கட்டத்துக்குள் பென்சிலால் அவர் பெயரை எழுதினேன். எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் எழுதிவைப்போம்.

லாட்ஜ் பூட்டியாயிற்று. மேனேஜர் சாவிப் பலகையைக் கழற்றி எங்கள் ஆபீஸில் கொண்டுவந்து சாய்த்துவிட்டுப் போனார். வேலை இரண்டாம் மாடியில் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டாளத்துக்காரர் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வீடு காட்ட வந்தார். நானும் கொத்தனாருக்கு அளவு சொல்ல அங்கே இருந்தேன். அவர் ஏழாம் நம்பர் அறையைத் திறந்து, "இது ஹாலு. இந்தச் சுவரத் தொறப்பாவ, அந்தப் பக்கம் பெட்ரூமு" என்று விளக்கிவிட்டு, பெட்ரூமைக் காட்ட வெளியே வந்தார். வராந்தாவில் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"மேடம், எட்டு எங்க?"

"அடுத்த கதவுதான்."

"அது ஒம்பது."

போய்ப் பார்த்தேன். ஒன்பதுதான். ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவே அறை இல்லை. தெருவிலிருந்து மாடிப்படி ஏறி வந்து சேருகிற இடம் அது. ஒரு நீளப் பெஞ்சு, சுவரில் பழைய டிவி மாட்டிய இரும்புத் தாங்கி. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நான் எத்தனை டீ குடித்திருக்கிறேன். அதுதான் எட்டாம் நம்பர்.

வராந்தாவின் ஒரு கோடியிலிருந்து ஒவ்வொரு கதவாக எண்ணினேன். பதினொன்று. திரும்ப எண்ணினேன். எண்ணினால் கூடிவிடுமா? பதினொன்றுதான். இரண்டாம் மாடி பிற்பாடு எழுப்பியது. அதற்குப் படி வராந்தாவின் கோடியில் போகிறது. அதனால் அங்கே அறை பன்னிரண்டு. கீழே படிக்கு ஓர் அறை போய்விட்டது. லாட்ஜ்காரர் எட்டைப் பிடிக்காமல் ஏழுக்கு அடுத்து ஒன்பது என்று போட்டதில், எண்ணிக்கை பன்னிரண்டில் வந்து சமத்தாக நின்றுவிட்டது. கதவை எண்ணாமல் நம்பரைப் பார்த்தேன் நான். இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள், எட்டுக்குப் பயந்து வீட்டை விட்டவள், பழைய லாட்ஜில் எட்டாம் நம்பர் சாவி தொங்காது என்று தெரிய வேண்டாமா எனக்கு? ஆபீஸுக்கு ஓடிப் போய்ச் சாவிப் பலகையைத் திருப்பிப் பார்த்தேன். ஆறு, ஏழு, ஒன்பது, பத்து. அறைய வேண்டும்போல இருந்தது, என்னை நானே.

மறுநாள் இன்ஜினியரிடம் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்து, பலகையைப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தார்.

"படி வர்ற எடத்த மறிச்சா?"

"எல்லாரும் வீட்டுக்கு எப்படி சார் ஏறுவாங்க?"

"ஏம்மா, பதினெட்டு வருஷமா வரையிற."

"நீங்கதான் டிபிகல்னு போடச் சொன்னீங்க."

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னேன். அவர் மேஜையில் விரித்திருந்த வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, "சரி, ரெண்டு பேரும் சேந்து பண்ண தப்பு. அந்த ஆளுக்கு ஒத்த ரூமக் குடுத்து வெலையக் கொறச்சிருவோம். வேண்டாம்னா குடுத்தத வாங்கிக்கிடட்டும்" என்றார். அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. ஆனால் பட்டாளத்துக்காரரிடம் போய்ச் சொல்ல வேண்டியவள் நான்.

ஏடிஎம் வாசலில் வைத்துச் சொன்னேன். கோபப்படுவார், சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்துப் பதில் எல்லாம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் குச்சியைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"பணம் வேண்டாம் மேடம். இந்த வெலைக்கு ஊருக்குள்ள வேற எங்க கெடைக்கும்? இருக்க வீட்டக் காலி பண்ணுதேன்னு வேற சொல்லிட்டேன்."

"ஒத்த ரூமுன்னா…"

"நாங்க நாலு பேரு." சாய்த்து வைத்த குச்சியை மறுபடி கையில் எடுத்தார். பிறகு, "நீங்க எந்த வீடு மேடம்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ரெண்டும்."

"நல்ல வீடு" என்றார். அதற்குள் யாரோ பணம் எடுக்க வர, கதவைத் திறந்துவிடப் போய்விட்டார்.

அவ்வளவுதான் கேட்டார். அந்த ஒரு கேள்விக்காக அந்த மனுஷன்மேல் எனக்கு ஒரு வாரம் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. திட்டியிருக்கலாம். இன்ஜினியரிடம் போய்ச் சண்டை போட்டிருக்கலாம். எந்த வீடு என்று கேட்பானேன்? பஸ்ஸில் உட்கார முடியவில்லை. இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலு பேர், ரெண்டு பேர். ரெண்டு ரூம், ஒரு ரூம். எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் அதே கணக்கு வந்து நின்றது. என் தப்பு, சரி. தப்பு பண்ணாதவர்கள் யார்? அதற்காக வீட்டையே எழுதிக் கொடுப்பார்களா? ஒரு நாள் நான் இறங்க வேண்டிய மடவார்வளாகம் ஸ்டாப்பைத் தாண்டிப் போய் இறங்கி வெயிலில் திரும்பி நடந்தேன்.

தப்பிக்க வழி தேடாமல் இல்லை. இரண்டாம் மாடியில் ஒரு வீட்டை மருந்துக் கம்பெனி ரெப் ஒருவர் வாங்கியிருந்தார். கல்யாணம் ஆகாதவர். மதுரையில் இருக்கிறார். வாடகைக்கு விடத்தான் வாங்கினார். அவரிடம் போனில் கேட்டேன். மாற்றிக்கொள்கிறீர்களா, ஒத்தை ரூம், விலையும் குறையும் என்று தேனொழுகப் பேசினேன்.

"நீங்க எண்ணாம விட்டதுக்கு நான் எதுக்கு மேடம் மாத்தணும்?" என்றார்.

போனை வைத்துவிட்டு அவரை நன்றாகத் திட்டினேன். திட்டி முடித்த பிறகு, அவர் சொன்னது சரிதான் என்பதும் உறைத்தது.

நகராட்சிக்குத் திருத்திய வரைபடம் கொடுத்தாக வேண்டும். கல்யாண வீட்டார் யாரும் இல்லாத காலி லாட்ஜில், நானே டேப்பைப் பிடித்து முதல் மாடியை அறை அறையாக அளந்தேன். இந்தத் தடவை கதவுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். கொத்தனார் என்னை ஒருமாதிரி பார்த்தார். ஏழாம் நம்பரில் மட்டும் அதிக நேரம் நின்றேன். ஒரு ஜன்னல், அதுவும் பின்பக்கத்துச் சந்துப் பக்கமாக. பால்கனி கிடையாது. மலை கிடையாது. படியில் யார் ஏறினாலும் சத்தம் கேட்கும். குளியலறைக்கு ஒதுக்கினால் மிச்சம் இருப்பது ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் போடும் இடம். இதில் நாலு பேரா? இதில் ரெண்டு பேரா?

ஆபீஸுக்கு வந்து வரைந்தேன். கோடுகள் சீக்கிரம் விழுந்துவிட்டன. பிரிண்ட் எடுத்து, வழக்கம்போலக் கட்டங்களுக்குள் பென்சிலால் பெயர் எழுத ஆரம்பித்தேன். மூன்று நான்கு, ஐந்து ஆறு, ஒன்பது பத்து, பதினொன்று பன்னிரண்டு. எழுதி முடித்தேன். இரண்டு கட்டம் மிச்சம் இருந்தன. மேஜைக்கடியில் கால் ஆடியது. எழுந்து தண்ணீர் குடித்தேன். மறுபடி உட்கார்ந்தேன். ஒன்று இரண்டு என்ற கட்டத்துக்குள் பட்டாளத்துக்காரர் பெயரை எழுதினேன். ஏழுக்குள் என் பெயரை எழுதினேன். பென்சிலைக் கொஞ்சம் அழுத்திவிட்டேன் போலிருக்கிறது, தாள் கிழிந்தது.

இன்ஜினியர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"யோசிச்சியாம்மா?"

"இல்ல சார். யோசிச்சா எழுத மாட்டேன். கையெழுத்துப் போடுங்க."

போட்டார்.

பெரிய தியாகம் பண்ணிவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். எழுதிய அடுத்த நிமிஷமே அழித்துவிடலாமா என்று ரப்பரைக் கையில் எடுத்தேன். அதனால்தான் தாளை உடனே இன்ஜினியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்றைக்கும் அந்த மூலை பால்கனியைக் கீழே தெருவிலிருந்து பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும்.

மகளிடம் சொல்வதுதான் பாடாக இருந்தது. காலேஜ் பஸ்ஸிலிருந்து இறங்கியவளை டீக்கடைக்குக் கூட்டிப் போய், பால்கோவா வாங்கிக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன். அவள் பால்கோவாவை இலையோடு மேஜையில் வைத்தாள்.

"ஒத்த ரூமா?"

"ஆமாட்டி."

"நான் எங்க படிக்க? நீ எங்க படுக்க? யாரக் கேட்டுக் குடுத்த?"

"யாரயும் கேக்கல."

"அதான். என்னயக் கேட்டியா? அது பாதி என் வீடுல்ல?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. பட்டாளத்துக்காரரின் நாலு பேரை எண்ணினேன், என் ரெண்டு பேரில் ஒருத்தியிடம் கேட்கவில்லை. மறுபடியும் எண்ணாமல் விட்டிருக்கிறேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில், தலை பின்னிக்கொண்டே, "அந்த ரூமுக்கு மச்சு எம்புட்டு ஒயரம்?" என்று கேட்டாள்.

"பதினாலு அடி."

"ஏழடி ஒயரத்துல பரண் மாதிரி ஒண்ணு போட்டா, மேல நான் படுத்துக்கிடுவேன்."

இன்ஜினியரிங் படிக்கிறவள். அன்று மத்தியானம் ஆபீஸ் வேலையை ஓரம் கட்டிவிட்டு அதை வரைந்தேன். இரும்புச் சட்டம், மேலே பலகை, சுவரோரம் ஏணிப்படி, மேலே ஒரு மேஜை. பதினெட்டு வருஷத்தில் எனக்காக நான் வரைந்த முதல் படம் அதுதான். சாயங்காலம் காட்டினேன். மேஜையை ஜன்னல் பக்கம் தள்ளச் சொன்னாள். தள்ளினேன்.

பட்டாளத்துக்காரரிடம் இன்ஜினியரே சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு அவர் என்னைத் தேடி வந்தார். கும்பிடு போடுவார், கண் கலங்குவார் என்று நினைத்தேன். ஒரு மண்ணும் இல்லை.

"மேடம், அந்த ஏழாம் நம்பரு ஜன்னல்ல மழைக்குச் சாரல் அடிக்கும். நான் ஏற்கெனவே பாத்து வச்சிருக்கேன். மேல ஒரு ஷீட்டு போட்டுருங்க" என்றார்.

"சரி" என்றேன் விறைப்பாக.

போகும்போது படியில் நின்று திரும்பினார். "ஷீட்ட நான் போட்டுத் தாரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். சொன்னபடியே ஒரு நாள் ஏணியோடு வந்து போட்டுவிட்டுப் போனார்.

தை மாதத்தில் குடி வந்தோம். பாலைக் காய்ச்சி வைத்தேன். பொங்கி வழிந்ததும் துடைக்க இடமில்லாமல் அடுப்படியில் நானும் மகளும் முட்டிக்கொண்டோம். அவள் பரணில் ஏறி, உத்திரத்தில் தலையை இடித்துக்கொண்டு, "அம்மா, நீ அளந்தது தப்பு" என்று மேலேயிருந்து கத்தினாள். "நீ வளந்தது தப்பு" என்றேன். வெளியே படியில் ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார்கள். வீட்டுக்கு நம்பர் எழுத வந்த பெயிண்டர், இதை வீடு நாலு என்று போடவா ஏழு என்று போடவா என்று கேட்டான். "எட்டுன்னு போடு" என்றேன். அவன் பிரஷ்ஷை டப்பாவில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "சும்மா சொன்னேன், நாலுன்னு போடு" என்றேன். அந்த அளவுக்குத் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

பெட்டியை மத்தியானம்தான் எடுத்தேன். கயிறு இறுகிப்போயிருந்தது. அரிவாள்மனையில் வைத்து அறுத்தேன். அப்பா அம்மா படத்தின் கண்ணாடி எந்த வீட்டிலோ உடைந்திருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. பரவாயில்லை என்று துடைத்தேன். நாலு சுவர். ஒன்றில் கதவு, ஒன்றில் ஜன்னல், ஒன்றை ஏணிப்படியும் குளியலறையும் பிடித்துக்கொண்டன. மிச்சம் ஒரே ஒரு சுவர். அதன் அந்தப் பக்கம்தான் அந்தப் பெஞ்சு கிடக்கிறது.

சுண்ணாம்புச் சுவரில் ஆணி நேராக நிற்காது. முதலில் துளை போட்டு மரக்கட்டையைச் செருகி, அதில் ஆணியை இறக்க வேண்டும். இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்று எனக்கு அந்தப் பொறுமை இல்லை. ஆணியை வைத்து ஓங்கி ஒரு அடி. கையகலத்துக்குக் காரை பெயர்ந்து காலில் விழுந்தது. இன்னொரு அடி. சுவர் அதிர்ந்தது. மகள் பரணிலிருந்து தலையை நீட்டினாள். வராந்தாவில் யாரோ ஓடி வருகிற சத்தம். கதவு திறந்திருந்தது. பட்டாளத்துக்காரரின் மனைவி, கையில் சாம்பார் கரண்டியோடு.

"யாரு அது, சுவர இடிக்கது?"

சுத்தியலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டேன். ஆறு வீட்டுப் பழக்கம், கை தானாகப் போனது. மகள் மேலேயிருந்து சிரிக்க ஆரம்பித்தாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. சுத்தியலை முன்னால் கொண்டுவந்தேன்.

"நான்தான். ஆணி அடிக்கேன்" என்றேன்.

அவள் பெயர்ந்த காரையைப் பார்த்தாள், உடைந்த கண்ணாடிப் படத்தைப் பார்த்தாள், கயிறு அறுத்த அட்டைப்பெட்டியைப் பார்த்தாள்.

"முடிச்சிட்டுச் சுத்தியலக் குடுங்கக்கா. எங்க வீட்லயும் ஒரு பெட்டி இருக்கு" என்றாள்.

"செத்த நேரம் இரு, தாரேன்" என்றேன்.

படத்தை மாட்டினேன். கடிகாரத்தை மாட்டினேன். கண்ணாடி, ஓட்டப்பந்தயப் படம், ஜன்னல் கம்பியிலிருந்து கழற்றிய காலண்டர். பெட்டி காலியாகிவிட்டது. அவள் வாசலிலேயே கரண்டியோடு காத்துக்கொண்டு நின்றாள். மாட்டுவதற்கு என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. இருந்தும் இன்னும் ஓர் ஆணியை எடுத்துச் சுவரில் வைத்து அடித்தேன்.